தம்பியைச் சுற்றிய வேட்டி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும், "அந்தக் காலத்துல இத்தனை நோய் ஏது?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவீர்கள். போன மாதம் கோயில் அன்னதானத்திலும் அதே பாட்டுத்தான். கலப்படம் இல்லாத எண்ணெய், கை வைத்தியம், தாய்ப்பால், அதனால் எல்லோரும் இரும்பு மாதிரி இருந்தோமாம். செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை என்ற தைரியம்தான். அன்னதானத்தில் சண்டை பிடிக்கக் கூடாது என்று நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரம் அடைந்த வருடம் எனக்குப் பத்து வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடு எங்களுடையது. அப்பாவுக்கு டவுன் போர்டில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலை. வீட்டை நடத்தியவர் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பவே இல்லை. பெரியம்மாவுக்குப் பிள்ளையும் இல்லை. அரிசிப் பானையும் பெட்டிச் சாவியும் அவரிடம்தான் இருந்தன. அப்பா அவருக்கு எதிரே உட்கார்ந்துகூடப் பேசமாட்டார்.

அம்மா அந்த வீட்டில் ஓசையில்லாமல் நடந்தார். அதற்குக் காரணம் இருந்தது. அக்கா, நான் என்று இரண்டு பெண்கள் பிழைத்திருந்தோம். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பையனும், எனக்குப் பின்னால் பிறந்த பையனும் பேர் வைப்பதற்கு முன்பே மஞ்சளாகிச் செத்துப்போனார்கள். ஆண்பிள்ளையை விழுங்குகிற வயிறு என்று ஊரில் பேசினார்கள். அம்மாவின் காதில் விழும்படியே பேசினார்கள். அந்த வருடம் அம்மா மறுபடியும் வயிற்றைச் சுமந்துகொண்டிருந்தார். இதுவும் போனால் தன்னை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அம்மா பயந்தது எங்களுக்குத் தெரியும். அங்கே அவருக்கு யாரும் இல்லை.

அக்கா பதினைந்து வயதில் கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அந்த வயதுவரை படித்த தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். அந்த வருடம் அவர்கள் பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வந்தது. ஒரே ஒன்று. முப்பது பெண்கள் வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சே கிடையாது. சமையலறையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், இரண்டு இதழ்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள்.

"இதுல எத்தனை ரூம் இருக்கு தெரியுமா? செங்கல்லு அடுக்கி வச்ச மாதிரி வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு செல்."

"உள்ள யாரு இருக்கா?"

"ஆளெல்லாம் இல்ல. கொழகொழன்னு கூழு மாதிரி ஒண்ணு. அதுல ஒரு புள்ளி. அதுக்குப் பேரு நியூக்ளியஸ். அதுதான் நம்ம பெரியம்மா. அது சொல்றபடிதான் அங்க எல்லாம் நடக்கும்."

"என்னடி, என் பேரு அடிபடுது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம்.

செல்லைப் பற்றி எனக்கு இன்றுவரை தெரிந்தது அந்தச் சமையலறையில் படித்ததுதான். செடியின் செல்லுக்குக் கெட்டியான சுவர் உண்டு, நம்முடைய செல்லுக்குச் சுவர் கிடையாது, தண்ணீர் போகவும் வரவும் விடுகிற மெல்லிய தோல் மட்டும்தான். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நாலாகும், அப்படித்தான் அம்மாவின் வயிறும் பெரிதாகிறது என்று அக்கா சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் தன் கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியால் சுரண்டிக் காட்டி, "இதுலயும் ஆயிரக்கணக்குல இருக்கு" என்றாள். எனக்கு எச்சில்தான் தெரிந்தது. பிறகு ரத்தத்தைப் பற்றிச் சொன்னாள். சிவப்பு அணு தட்டையாக, நடுவில் குழிந்து, அப்பத்தைப் போல இருக்குமாம்.

"அதுல மட்டும் நியூக்ளியஸ் கெடையாது."

"அப்ப அங்க பெரியம்மா இல்லியா?"

"இல்ல. காத்தைச் சொமக்குறதுக்கு எடம் வேணும்னு அதை வெளிய தள்ளிருமாம். பொறந்தப்ப உள்ள என்ன இருந்துச்சோ, சாகுற வரைக்கும் அதை வச்சுத்தான் ஓட்டணும். கிழிஞ்சா தச்சுக்க முடியாது. மிஸ் சொன்னாங்க."

பெரியம்மா இல்லாத வீடு ஒன்று இருக்கிறதே என்று எனக்கு அது பிடித்துப்போயிற்று.

தம்பி பிறந்த வாரத்தில் தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல கனமான குழந்தை. மருத்துவச்சி தூக்கிக் காட்டியபோது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா எட்டிப் பார்த்து "மெர்டேக்கா" என்று சிரித்தாள். அவர்கள் மலாக்காச் செட்டிகள்; வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், ஆனால் பேச்சு மலாய்தான். சுதந்திரம் என்ற பொருளில் அவள் சொன்ன அந்த மலாய்ச் சொல்லே தெருவில் அவனுக்குப் பேராகிவிட்டது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வாழ்ந்து முடித்த பெரியவர்களின் பழைய துணியில் சுற்றினால் அவர்களின் ஆயுசு பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று தாத்தாவின் சரிகை வேட்டிகள் இரண்டு இருந்தன. அவர் கப்பலில் வரும்போது கொண்டுவந்தவை. பெரியம்மா தன் கட்டிலடியில் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். மலாக்கா ஈரத்தில் எந்தத் துணியும் தப்பாது. பூஞ்சை வரும், கரப்பான் அரிக்கும். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் சீனன் கடையில் பாச்சை உருண்டை வாங்கி, மடிப்புக்கு மடிப்பு வைத்து அடுக்குவார். துவைத்தால் சரிகை கறுத்துவிடும் என்று அவற்றை நனைப்பதே இல்லை. பெட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறும் அந்த நெடி முன்வாசல் வரை வரும். வீட்டில் அதற்குத் தாத்தா வாசனை என்று பேர்.

எனக்கும் அக்காவுக்கும் அம்மாவின் கிழிந்த சேலைதான் போட்டார்களாம். பொட்டைப் பிள்ளைக்குச் சரிகை வேட்டி எதற்கு? ஒரு காலத்தில் அதை நினைத்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது உண்டு.

பெரியம்மா தம்பிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தேங்காயெண்ணெய் தேய்த்து, கால்நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி, மறுபடியும் எண்ணெய் தடவி, வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுற்றினார். அவன் தலையில் மூக்கை வைத்து முகர்ந்தார். "எங்க மாமனார் வாசனை" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைமேல் அவருக்கு உயிர்.

மூன்றாம் நாள் அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். அவன் மூக்கு நுனியை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடமும் மஞ்சளாக இருந்தது. அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டார். செட்டி அக்கா, காலை வெயிலில் பிடிக்கச் சொன்னாள். பிடித்தோம். வேட்டியோடுதான் பிடித்தோம். மறுநாள் வயிறு வரை மஞ்சள் இறங்கியிருந்தது. அவன் பால் குடிப்பதையும் குறைத்துக்கொண்டான்.

அக்கா அப்பாவின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா. ரெண்டு பேரை வீட்டுலயே வச்சுப் பார்த்தாச்சு."

அப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சரியென்று தலையை அசைத்தார். பிரசவத் தீட்டு கழியாத அம்மா படி தாண்டக் கூடாது. அதனால் அப்பா மட்டும் பிள்ளையை எடுத்துக்கொண்டு திரிஷா என்ற மூன்று சக்கர வண்டியில் போனார். மிசிகள் என்று நாங்கள் சொல்லும் நர்சுகள் வேட்டியை உருவி அப்பா கையிலேயே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரித் துணியில் போட்டார்களாம். டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள். அவன் தேறினான். இரண்டு வாரத்தில் நல்ல நிறமாகி, காலை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நான் தெருக்கோடி வரை ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்று மாலை பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டேன்.

"தம்பி, நல்லா யோசிச்சுப் பாரு. வீட்டுல தாய்ப்பால் குடிச்சான், மஞ்சளானான். அங்க டின் பால் குடிச்சான், தேறிட்டான். முன்ன போன ரெண்டும் தாய்ப்பால்தான் குடிச்சதுங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இவ பால்லதான் விஷம் இருக்கு."

"பொம்பளப் பிள்ளைங்க ரெண்டும் அதைத்தானே அண்ணி குடிச்சுதுங்க?"

"பொண்ணுங்களுக்குத் தாங்கும். ஆம்பளைக்குத் தாங்கலை."

கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். பாலும் மாறியது, துணியும் மாறியது. பாலை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம். துணியை யார் பார்ப்பார்கள்?

தம்பியின் தொட்டில் பெரியம்மா அறைக்குப் போயிற்று. அப்பா கொண்டுவந்த வேட்டியைப் பேர் வைக்கும் நாளுக்கென்று பெரியம்மா மறுபடியும் பெட்டியில் பூட்டிவைத்தார். அம்மா அவனைத் தொடக் கூடாது என்றாயிற்று. பால் கட்டிக்கொண்டு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பின்கட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பீங்கான் கிண்ணத்தில் பீய்ச்சுவார். தாய்ப்பாலைச் செடிக்கடியில் ஊற்றுவதுதான் வழக்கம். பெரியம்மா அதற்கும் விடவில்லை. செடி பட்டுப்போகும், சாக்கடையில் கொட்டு என்றார். கொட்டுகிற வேலை எனக்கு. கிண்ணம் கையில் வெதுவெதுவென்றிருக்கும். அந்தச் சூடு இத்தனை வருடம் கழித்தும் என் உள்ளங்கையில் இருக்கிறது. சாக்கடையில் விழுந்ததும் வெள்ளையாக ஓர் இழை ஓடி, அடுத்த வீட்டுச் சோப்புத் தண்ணீரோடு கலந்துவிடும்.

முப்பதாம் நாள் பேர் வைத்தார்கள். தாத்தா பேரையே வைத்தார்கள். எண்ணெய்க் குளியல், பொட்டு, கறுப்பு வளையல். பெட்டியிலிருந்து இரண்டு வேட்டிகளையும் எடுத்து, ஒன்றை விரித்து, ஒன்றைச் சுற்றினார் பெரியம்மா. வந்தவர்களெல்லாம் குனிந்து அவனை முகர்ந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

அன்று பிற்பகல் பெரியம்மா விருந்தினரை அனுப்பிவைக்கப் பேருந்து நிற்கும் இடம் வரை போனார். அம்மா அந்த அறைக்குள் போனார். என்னைப் பார்த்து, "வாசல்ல நில்லும்மா" என்று மட்டும் சொன்னார். நான் வாசலில் நின்றேன். உள்ளே தம்பி மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டா, பேச்சா தெரியவில்லை. பெரியம்மாவின் குடை தெருமுனையில் தெரிந்ததும் நான் இருமினேன். ஆனால் அம்மா எழுந்து வரவில்லை. பெரியம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டார்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. பிள்ளையை அம்மா மார்பிலிருந்து பிரித்து எடுத்து, வேட்டியால் அவன் வாயைத் துடைத்தார். "இனி இவனுக்கு ஏதாச்சும் ஆனா, நீதான்" என்றார்.

இரண்டு நாளில் மஞ்சள் திரும்பி வந்தது. இந்தத் தடவை நெஞ்சும் உதடும் வெளுத்திருந்தன. துணியில் படிந்த மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. அம்மாவே தூணில் தலையை முட்டிக்கொண்டார். டின் பாலிலேயே மஞ்சள் இறங்கிவிடும் என்று பெரியம்மா காத்திருந்தார்.

அக்கா என்ன செய்தாள் என்பதைச் சொல்லவேண்டும். பெரியம்மா துணியில் ஊக்கு குத்தும்போது தம்பியின் தொடையில் கீறி ஒரு துளி ரத்தம் வந்தது. அக்கா அதை ஒரு கண்ணாடித் துண்டில் தொட்டு எடுத்து, இன்னொரு துண்டால் இழுத்துப் பரப்பி, காகிதத்தில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். அறிவியல் ஆசிரியை நல்ல மனுஷி. நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாராம். மாலையில் அக்கா வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

"எல்லாம் வட்டமா இல்லடி. சிலதுல ஓரத்துல பிய்ஞ்சிருக்கு. எலி கடிச்ச ரொட்டி மாதிரி."

"மிஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கண்ணாடி அழுக்கு, ரத்தம் காஞ்சு போச்சு, அதான் அப்படித் தெரியுதுன்னாங்க. இருக்கலாம். ஆனா என்னோட ரத்தத்தையும் அதே மாதிரிதான் கொண்டு போனேன். அது பிய்யல" என்றாள்.

பெரியம்மா இதைக் கேட்டுவிட்டார். நோயாளிப் பிள்ளையின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விளையாடியவள் என்று வீடே அதிர்ந்தது. அப்பா அக்காவின் புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். அக்கா அதற்குப்பிறகு பள்ளிக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் தம்பி கண்ணைத் திறக்கவில்லை. பெரியம்மாதான் வெறுங்காலோடு தெருவில் ஓடித் திரிஷாவை நிறுத்தினார். குளிர் படாமல் இருக்கட்டும் என்று இரண்டு வேட்டியையும் சேர்த்துச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த வேட்டியோடுதான் அவனைப் புதைத்தார்கள். பெட்டி அதன்பிறகு காலியாகக் கிடந்தது. அம்மாவை யாரும் கப்பலேற்றவில்லை. அப்பா பின்கட்டில் அவருக்குத் தனியாகப் பாய் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருடமே அக்காவைக் குருபோங்கில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு பையன்கள், இருவரும் பிழைத்தார்கள். அவர்களை ஆஸ்பத்திரித் துணியிலும் மாமியாரின் பழைய கைலியிலும் வளர்த்தாள். அம்மா போய்ப் பார்த்தார். ஆனால் தூக்கவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பிறந்ததையும் தூக்கவில்லை. பிள்ளை பிடிக்காத கிழவி என்று என் மாமியார் வீட்டில் சொன்னார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

என் மகளுக்குப் பையன் பிறந்தபோது காலம் மாறிவிட்டிருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதித்துவிட்டு, மலாய்க்கார மிசி ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஜாஙான் லெத்தாக் உபாட் கெகாட், மக்சிக்" என்றாள். பாச்சை உருண்டை வைக்காதீர்கள், அத்தை என்றாள். துணி அலமாரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதில் வைத்த துணியும் கூடாது, எண்ணெய் தடவிய உடம்பில் அது இன்னும் வேகமாக இறங்கும் என்றாள். இவனுடைய சிவப்பு அணுவுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு பொருள் குறைவு. அந்த நெடி பட்டால் அணு உடைந்து மஞ்சளாகும். பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வரும், தாயின் வழியாக வரும் என்றாள். அணு அந்தப் பொருளைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாதா என்று கேட்டேன். "அதில் நியூக்ளியஸ் இல்லையே, மக்சிக்" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

பெரியம்மா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் இல்லை. அக்கா முந்தின வருடம்தான் சர்க்கரை நோயில் போயிருந்தாள். அந்தப் பிய்ந்த ஓரங்களை அவள் சரியாகத்தான் பார்த்தாளோ, கண்ணாடி அழுக்குத்தானோ, இனி யாருக்கும் தெரியாது. என்றாலும் அவளிடம் சொல்ல முடியாமல் போனதே என்று அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். மிச்சம் இருந்தது அம்மா மட்டும்தான். புக்கிட் காதிலில் என் வீட்டில், எழுபது தாண்டிய வயதில், காது கொஞ்சம் மந்தமாகி இருந்தார்.

தாயின் வழியாக வரும் என்ற பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன் என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். மற்றதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, மெதுவாகச் சொன்னேன். பெட்டி, உருண்டை, வேட்டி, எண்ணெய். மூன்று பையன்களும் அதனால்தான் போனார்கள் என்றேன். அம்மா பெரியம்மாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"அப்ப பால்ல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல பால்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அன்னிக்கு வயிறு நெறையக் குடிச்சான்."